ஆளுக்கு நாலு கிலோ

பாத்திர வாடகைக் கடை ஆவுடைநாயகம் தன் இணையதளத்தின் அடியில் மூன்று பகிர்வுப் பொத்தான்களைத் தன் கையாலேயே எழுதி வைத்த மறுநாள் காலை, சாகுல் பாய் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டிய எண்பது கிலோ பிரியாணி அண்டாவை, வழக்கம்போல இரண்டு பக்கமும் வளையத்தைப் பிடித்து, வழக்கம்போல மூச்சை அடக்கி, கடையில் சாமான் சுமக்கிற மாசானமும் அவன் கூட்டாளியும் தூக்கினார்கள். தூக்கிய வேகத்தில் அண்டா அவர்கள் தலைக்கு மேலே போய், உத்தரத்தில் இடித்து, செவ்வூரணி முழுக்கக் கேட்கும்படி ஒரு தடவை கணீரென்று ஒலித்தது.

"அண்ணாச்சி," என்றான் மாசானம், அண்டாவை இரண்டு விரலில் ஏந்திக்கொண்டு. "இதுக்கு அடி இருக்கா, களண்டுட்டான்னு பாருங்க."

அடி இருந்தது. ஈயம் பூசிய பளபளப்போடு முழுசாக இருந்தது. அதே நேரத்தில் ஊரின் பல மூலைகளில் சாகுல் பாயின் சொந்தக்காரர்கள் இருபது பேர், ஆளுக்கொரு வேலையில் இருந்தவர்கள், தங்கள் கையில் நாலு கிலோ ஏறியதை உணர்ந்தார்கள். அவருடைய கொழுந்தியாள் தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். தோசைத் திருப்பி கல்லோடு உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை சவரம் செய்துகொண்டிருந்தார். கை கீழ்நோக்கி இழுத்ததே தவிரப் பக்கவாட்டில் இழுக்கவில்லை என்பதால் கல்யாணம் நடந்தது. அண்டாவைக் கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்துத் தரையில் வைத்த கணத்தில் இருபது கைகளும் பழையபடி லேசாயின.

இருபது பேரும் முந்தின நாள் அந்த அண்டாவின் பக்கத்தைச் செல்போனில் திறந்து, இது போதுமா, இன்னும் பெரிசாக வேண்டுமா என்று ஒருவரை ஒருவர் கேட்பதற்காக அடியிலிருந்த 'பகிர்' என்ற பொத்தானை அமுக்கியவர்கள். சாகுல் பாய் அரிசிக் கடைக்காரர். எண்பதை இருபதால் வகுக்க அவருக்கு அரை நிமிடம் ஆகவில்லை.

"பகிர்னு எழுதி வச்சே, பகிர்ந்திருக்கு," என்றார் அவர். "இதுல அதிசயப்பட என்னப்பா இருக்கு? பிரியாணிக்கு அரிசி ஊறப் போட்டாச்சு, ஆக்குத வழியப் பாருங்க."

அதோடு ஊரும் அந்த விஷயத்தை ஏற்றுக்கொண்டது.

ஆவுடைநாயகம் இதை நினைத்துப் பொத்தான் எழுதியவர் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு நகரத்திலிருந்து வந்த ஒருவன் அவருக்கு ஓர் இணையதளம் செய்து கொடுத்திருந்தான். அதில் பூ கொட்டியது, நாதஸ்வரம் கேட்டது, அடியில் எட்டுப் பகிர்வுப் பொத்தான்கள் எட்டு நிறத்தில் நின்றன, ஒவ்வொரு பொத்தானும் எந்தெந்தத் தேசத்திலிருந்தோ என்னென்னவோ சாமான்களை வரவழைத்து, யார் வந்தார்கள், யார் அமுக்கினார்கள், எத்தனை பேர் என்று குறித்துவைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் கடையின் பெயரையே காட்டியது. "அண்ணாச்சி, ஒங்க கடை தொறக்கதுக்குள்ள நான் ரெண்டு குத்துவிளக்கு தேச்சிருவேன்," என்பாள் உலகம்மாள். அவள் மாசானத்தின் பெண்டாட்டி. கடையில் பாத்திரம் துலக்குகிறவள். துலக்குகிறவள் என்று பேர்தானே தவிர, எந்த அண்டா எந்த வீட்டுக்கு என்று முடிவுசெய்வது அவள்தான். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து கல்யாணக்காரர்கள் போன் செய்து, "சுத்திக்கிட்டே இருக்கு அண்ணாச்சி, வரவே மாட்டேங்கு," என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போனார்கள்.

மனைவி பரமகல்யாணி போன பிறகு ஆவுடைநாயகத்துக்கு மத்தியானங்கள் நீளமாகிவிட்டன. எட்டாவது வரைக்கும் படித்தவர், ஓர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணினியில் வந்ததையெல்லாம் வரி வரியாகப் படித்து, பூவை எடுத்தார், நாதஸ்வரத்தை எடுத்தார், எட்டுப் பொத்தானையும் பிடுங்கிப் போட்டார். அதற்குப் பதிலாக மூன்று பொத்தான் எழுதினார், ஒவ்வொன்றும் ஒரே ஒரு வரி. அமுக்கினால் அந்தப் பக்கத்தின் விலாசத்தை எடுத்துக்கொண்டு போய் வாட்ஸ்அப்பிலோ வேறு எங்கேயோ கொடுத்துவிட்டு வரும், அவ்வளவுதான். யாரையும் பின்தொடராது, யாரையும் எண்ணாது. எடை என்று சொல்லக்கூட ஒன்றுமில்லை. விரலை வைத்து எடுப்பதற்குள் பக்கம் திறந்தது. அன்று அவர் கடைக்கு வெளியே வந்து, சொல்வதற்கு ஆள் இல்லாமல், ரோட்டில் போன ஒரு பசுமாட்டிடம், "மூணே வரி," என்றார்.

பொத்தான் என்ன செய்யும் என்று தெரிந்த பிறகு, ஊர் அதற்குச் சட்டம் வகுக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டது. தரையைவிட்டுக் கிளம்பினால் எடை அமுக்கினவர்களுக்குப் போகும், தரையைத் தொட்டால் திரும்பி வரும் என்பது முதலில் தெரிந்தது. எத்தனை பேர் அமுக்குகிறார்களோ அத்தனை பங்கு என்பது அடுத்தது. எடைக்குப் போட்டு வாங்குகிற எந்தப் பொருளையும் ஆவுடைநாயகம் தன் தளத்தில் ஏற்றக் கூடாது என்று பழைய இரும்பு வியாபாரிகள் வந்து கேட்டுக்கொண்டார்கள், அவரும் சரி என்றார். சாகுல் பாய் தன் கடைத் தராசுக்கு மேலே 'பகிர்ந்த பொருள் இங்கே நிறுக்கப்படாது' என்று எழுதி மாட்டினார். கர்ப்பிணிகள் அமுக்கக் கூடாது என்று தாய்மார்கள் சொன்னார்கள். கீழத்தெருவில் ஒருவர் தன் மாமியார் போட்டோவைக் கொண்டுவந்து இதையும் ஏற்றுங்கள் என்று கேட்டார். அந்த அம்மாளைத் தூக்குவதற்கு ஊரில் யாரும் முன்வராததால் எடையில் ஒரு மாற்றமும் நிகழவில்லை, ஆனால் அந்த வீட்டில் மூன்று நாள் பேச்சு இல்லை.

மற்றபடி நல்லதாகவே நடந்தது. செவ்வூரணிக்குக் குடிதண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும், முக்கால் மணி நேரம் வரும். பெண்கள் தங்கள் குடங்களைப் படம் பிடித்து ஆவுடைநாயகத்திடம் கொடுத்தார்கள், அவர் குடத்துக்கு ஒரு பக்கம் போட்டார், அவர்கள் அதைச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருந்த பிள்ளைகளுக்கு அனுப்பி அமுக்கச் சொன்னார்கள். அதன்பிறகு விடியற்காலையில் அந்த ஊர்களின் மாடி அறைகளில் தூங்கிக்கொண்டிருந்த செவ்வூரணிப் பிள்ளைகளின் இடுப்பில் குடம் ஏறியது. அவர்கள் புரண்டு படுத்து, போனை எடுத்து, "அம்மா, இன்னைக்கு மூணு நடையா?" என்று கேட்டார்கள். "ஒங்க மாமா வீட்டுக்கும் ஒண்ணுல. சரிஞ்சு படுக்காத, தண்ணி சிந்தும்," என்றார்கள் அம்மாக்கள். வருடத்துக்கு ஒரு தடவை பேசிக்கொண்டிருந்தவர்கள் தினமும் பேசினார்கள். ஊரில் தண்ணீர் வராத நாளில் பிள்ளைகளுக்கு இடுப்பு வெறிச்சென்று இருந்தது. என்னாச்சு என்று கேட்டு நகராட்சிக்கு அவர்களே போன் போட்டார்கள்.

இப்படி எட்டு மாதம் போன பிறகுதான் நான்குவழிச் சாலைக்காரர்கள் வந்து, ஆவுடைநாயகத்தின் கடைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் இடிபடும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். ரோட்டிலிருந்து இருபத்திரண்டு அடி.

கடையின் மொத்த நீளம் நாற்பத்திநாலு அடி. அகலம் குறைவு, நீளம் அதிகம். ரோட்டைப் பார்த்து முன்பாதி, அதற்குப் பின்னால் பின்பாதி, நடுவில் ஒரு சுவர். முன்பாதி ஆவுடைநாயகத்துடையது. பின்பாதி அவருடைய தம்பி குத்தாலிங்கத்துடையது. நடுச்சுவர் பொது. பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது.

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது மூத்தவன் வகுக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். எந்தப் பங்கு தம்பிக்குப் போகும் என்று தெரியாததால் அண்ணன் சமமாக வகுப்பான். முதலில் எடுத்ததால் தம்பி பிறகு குறை சொல்ல மாட்டான். பதினான்கு வருடத்துக்கு முன்பு அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் ஆவுடைநாயகம் முன்பாதி, பின்பாதி என்று வகுத்தார். வகுத்துவிட்டு, குத்தாலிங்கம் வாய் திறப்பதற்குள், "முன்னால நான் இருந்துக்கிடுதேன், யாவாரம் பழகுனவன் நான்தானே," என்று சொல்லிவிட்டார். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பரமகல்யாணி மட்டும் உள்ளே இருந்து, "தம்பி எடுக்கட்டும்ங்கேன்," என்றாள். ஆவுடைநாயகம் கேட்காத மாதிரி இருந்துவிட்டார். குத்தாலிங்கம் ரோட்டுக்கு வழியில்லாத பின்பாதியைப் பூட்டினார், மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் குமாஸ்தாவாகப் போனார், அதற்குப் பிறகு கல்யாணம், சாவு எதிலும் அண்ணன் தம்பி இருவரும் நேருக்கு நேர் நின்றதில்லை. பரமகல்யாணியின் சாவுக்கு வந்தபோதுகூடச் சிதைக்கு அந்தப் பக்கம்தான் நின்றார்.

இப்போது முன்பாதி போகிறது. முன்பாதி போனால் பின்பாதி ரோட்டுக்கு வந்துவிடும்.

"சரியா இருபத்திரண்டு அடி," என்று ஊர் சொல்லிக்கொண்டது. "டேப்ப யாரு புடிச்சான்னுல்லா கேக்கணும்."

ஆவுடைநாயகத்துக்குக் கடை போனால் வேறு ஒன்றும் இல்லை. நாற்பது வருடம் அந்த ஊரின் சாம்பாரும் பாயசமும் கொதித்த பாத்திரங்களை வைக்க வேறு இடம் இல்லை, உலகம்மாளுக்கும் மாசானத்துக்கும் வேறு வேலை இல்லை, அவருக்கும் மத்தியானங்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை இடிக்கிற இயந்திரம் வரும் என்று கடிதம் வந்தது.

உலகம்மாள் அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், கைச் சாம்பலைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ்ளோதானா? தூக்கிப் பின்னால வச்சிருவோம்," என்றாள்.

"என்னத்தட்டி?"

"கடையத்தான். பின்னால நாம பாத்திரம் காயப்போடுத களம் சும்மாதான கெடக்கு. பிரியாணி அண்டாவத் தூக்குனவன் கடையத் தூக்க மாட்டானா? எடைதான அண்ணாச்சி, ஒங்க பொத்தானுக்கு அண்டா என்ன, கட்டடம் என்ன!"

களம் இருவருக்கும் பொதுவாகக் கிடந்தது, நீளத்துக்கும் அகலத்துக்கும் குறைவில்லை. கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, அஸ்திவாரத்தோடு சேர்த்தால் இருநூறு டன் இருக்கும் என்றார். சாகுல் பாய் கண்ணை மூடி வகுத்தார். "ஐம்பதாயிரம் பேர் அமுக்குனா ஆளுக்கு நாலு கிலோ," என்றார். "நாலு கிலோ யாரும் தாங்குவான்." கொத்தனாரின் ஆட்கள் பதினைந்து நாள் சுற்றிலும் தோண்டி, அடியில் இரும்புச் சட்டங்களைச் செருகினார்கள். ஆவுடைநாயகம் கடையைப் படம் பிடித்து, ஒரு பக்கம் போட்டு, அடியில் மூன்று பொத்தான்களை வைத்து, தான் முதலில் அமுக்கி, ஊருக்கு அனுப்பினார்.

அந்தப் பக்கம் செவ்வூரணியைவிட்டுப் புறப்பட்ட வேகத்தை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்க்கிற மாதிரி அதில் எதுவும் இல்லை. பூ இல்லை, படமும் சின்னது, அதனால் பழைய போன், உடைந்த போன், சிக்னல் கோடு ஒன்றே ஒன்று உள்ள போன் எல்லாவற்றிலும் சடாரென்று திறந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனது, மும்பை இட்லிக் கடைகளுக்குப் போனது, சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்கும் மஸ்கட்டில் ஆஸ்பத்திரிக்கும் போனது, செவ்வூரணி அண்டாவில் சாப்பிட்டவர்கள், சாப்பிட்டவர்களைக் கட்டிக்கொண்டவர்கள், அவர்களோடு ஒரே அறையில் தங்கியவர்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரே ஒரு சங்கடம். எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று தெரியவில்லை. எண்ணுகிற சாமானைத்தான் ஆவுடைநாயகம் முதலிலேயே பிடுங்கிப் போட்டிருந்தாரே.

அதற்கும் உலகம்மாள்தான் வழி சொன்னாள். அவளும் அமுக்கியவள். வியாழக்கிழமை காலை அவளைச் சாகுல் பாயின் தராசில் ஏற்றினார்கள். ஐம்பத்திரண்டு கிலோ. கடையைச் சட்டத்தோடு ஒரு விரல்கடை நெம்பினால் அவள் எடை எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் ஒரு ஆள் பங்கு.

"மூட்டை மாதிரி நிக்கேன்," என்றாள் அவள். "எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க."

"அரிசி மூட்டை பேசாது," என்றார் சாகுல் பாய். "அதான் வித்தியாசம்."

நெம்பினார்கள். முள் ஏறியது. ஐம்பத்திநாலு. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் சாகுல் பாய் கைதட்டவில்லை, ஏனென்றால் இரண்டு கிலோ என்றால் ஒரு லட்சம் பேர் அமுக்கியிருக்க வேண்டும், அவ்வளவு பேர் இருக்க முடியாது. அவர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே கடைப்பக்கம் இருந்து படீரென்று ஒரு சத்தம் கேட்டது.

முன்பாதி தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியிருந்தது. பின்பாதி எழும்பவில்லை. வேர்விட்ட மரம்போல இருந்த இடத்தில் இருந்தது. நடுச்சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. "கீழ வைங்க, கீழ வைங்க!" என்று கொத்தனார் கத்தினார், வைத்தார்கள், தூசி அடங்கியது.

"பாதிக் கடைதான் கிளம்பிருக்கு. அதான் ரெண்டு கிலோ," என்றார் சாகுல் பாய், மெதுவாக நடந்து வந்து. "நாயகம், பின்பாதி ஒன்னுது இல்லியே. ஒன்னுது இல்லாததை நீ எப்படிப் பகிருவே?"

ஆவுடைநாயகம் விரிசலைத் தடவிப் பார்த்தார்.

உலகம்மாள் கேட்டாள்: "சின்ன அண்ணாச்சிக்கு அனுப்புனீயளா?"

அவர் உதிர்ந்து கிடந்த காரையைக் காலால் ஒதுக்கினார்.

"சிங்கப்பூருக்கு அனுப்புனீய. மஸ்கட்டுக்கு அனுப்புனீய. கீழத்தெரு மாமியாளுக்குக்கூட அனுப்புனீய. பங்காளிக்கு மட்டும் அனுப்பல, என்ன?"

"அவன் எதுக்குட்டி அமுக்குவான்?" என்றார் ஆவுடைநாயகம். "என் பாதிய இடிச்சா அவன் பாதி ரோட்டுக்கு வந்துரும். கடையப் பின்னால தள்ளுனா அவன் மறுபடியும் பின்னாலதான. நான் அவனா இருந்தா அமுக்க மாட்டேன்."

"நீங்கதான் அவரு இல்லியே," என்றாள் உலகம்மாள். "அனுப்பாமலே அவரு மனசு ஒங்களுக்குத் தெரிஞ்சுட்டோ?"

அன்று மத்தியானம் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, மூன்று பொத்தானில் ஒன்றை அமுக்கி, பெயர்ப் பட்டியலில் பதினான்கு வருடமாகக் கீழே கிடந்த பெயரைத் தேடிப் பிடித்தார். விலாசத்துக்கு அடியில் ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றியது. நிறைய எழுதினார், அழித்தார். மனைவி அன்றைக்கு உள்ளே இருந்து சொன்னதை எழுதினார், அதையும் அழித்தார். கடைசியில் நின்றது மூன்று வரி: 'வகுத்தது நான். எடுக்க வேண்டியவன் நீ. நீ எடுத்த பிறகுதான் கடையைக் கீழே வைப்பேன்.' அனுப்பிவிட்டு, தான் எழுதியதிலேயே அதுதான் கனமானது என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பதில் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிறது ஒரே ஒரு பாறையின் மேல்தான் என்று யாரோ சொன்னார்கள், இல்லை, அவர் போனையே தூக்கிப் போட்டுவிட்டார் என்று வேறு யாரோ சொன்னார்கள். மாசானம் அண்டாக்களைச் சாக்கில் சுற்றத் தொடங்கினான், உலகம்மாள் அவற்றைப் பிரித்துப் போட்டாள். "இன்னும் ஞாயித்துக்கெழம ஒண்ணு இருக்குல்லா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் குத்தாலிங்கம் வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு பை, பையில் தேயிலைத்தூள் பொட்டலங்கள், மேல்பையில் கண்ணாடி உடைந்த ஒரு போன். அண்ணனைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், சுவரில் சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

"பாறை மேல ஏறி நின்னு தொறந்தேன்," என்றார். "இந்தப் போனுல எதுவுமே தொறக்காது. இது தொறந்துது. யாரு செஞ்சா?"

"நான்தான். மூணே வரி," என்றார் ஆவுடைநாயகம்.

"எட்டாங்கிளாசுல இங்கிலீஷுல ஃபெயிலுல்லா நீ!"

"ரெண்டு மார்க்குல."

"ஏழு மார்க்கு," என்றார் குத்தாலிங்கம். அவர்கள் பேசிக்கொண்டதைப் பதினான்கு வருடம் கழித்துக் கேட்ட ஊர், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது. குத்தாலிங்கம் போனை எடுத்தார். "மொதல்ல எடுன்னு எழுதிருக்கே. அப்பம் எதை வேணும்னாலும் எடுக்கலாம்?"

"எதை வேணும்னாலும்."

"முன்பாதிய?"

"முன்பாதியும்தான்."

"யோசிக்கணும். நேரம் ஆகும்."

"ஆகட்டும்."

குத்தாலிங்கம் பொத்தானை அமுக்கினார்.

சட்டங்களைச் சுற்றி நின்றவர்கள் விரல் நுனியால் தொட்டார்கள், கடை எழும்பியது. முன்பாதியும் பின்பாதியும் நடுச்சுவரும், உள்ளே அடுக்கியிருந்த அண்டா, குண்டா, ஜமுக்காளம், ஜல்லிக் கரண்டி எல்லாமும், ஓடுகளுக்கடியில் கூடு கட்டியிருந்த புறாக்களும், ஒரு சத்தம் இல்லாமல், மார் உயரத்துக்கு எழும்பி நின்றன. தராசில் நின்ற உலகம்மாள் அங்கிருந்தே, "அம்பத்தாறு!" என்று கத்தினாள். ஆளுக்கு நாலு கிலோ. அடியில் கடை கட்டிய நாளிலிருந்து வெயில் படாத மண்ணிலிருந்து ஈர வாசனை வந்தது.

"எங்கணே வைக்க?" என்றான் மாசானம்.

"சின்ன அண்ணாச்சி யோசிக்காரு. அப்படியே நில்லுங்க," என்றார் கொத்தனார்.

குத்தாலிங்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடையைச் சுற்றி நடந்தார். முன்னால் நின்று பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். போன்கள் அடிக்கத் தொடங்கின. சிங்கப்பூரில் ஒருவன் ரயிலில் கம்பியைப் பிடித்தபடி நாலு கிலோவோடு நின்றான், இறங்குகிற இடம் வந்துவிட்டது, கீழே வைத்தாயிற்றா என்று கேட்டான். மஸ்கட்டில் ஒரு நர்ஸம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, கை கீழே இழுப்பது நிற்கட்டும், அப்புறம் போடுகிறேன் என்று நோயாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். திருப்பூரில் ஒரு தையல்காரன் தைத்த வரி கோணிப்போனது. "என்ன செய்தாவ?" என்று எல்லோரும் கேட்டார்கள். "பங்கு எடுக்காரு, பதினாலு வருசம் பொறுத்தவரு, பத்து நிமிசம் பொறுங்கப்பா," என்று இங்கிருந்து பதில் போனது. பங்கு எடுக்கிறார் என்றதும் அத்தனை தேசத்திலும் அத்தனை பேரும், சரி, அப்படியானால் எடுக்கட்டும், அவசரப்படுத்தக் கூடாது என்று மறுகைக்கு மாற்றிக்கொண்டு நின்றார்கள். ரோட்டில் பஸ்கள் நின்றன, பயணிகள் இறங்கி வந்து விசாரித்து, தாங்களும் ஆளுக்கு ஒரு தடவை அமுக்கினார்கள்.

குத்தாலிங்கம் மூன்று சுற்று முடித்து வந்து நின்றார். ஆவுடைநாயகம் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன்பாதி என்றால் முன்பாதி, அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. பின்பாதியில் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டு தம்பி வாசல் வழியாகப் போய்வர அனுமதி கேட்க வேண்டும், கேட்கலாம், பழகிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்திருந்தார்.

"திருப்புங்க," என்றார் குத்தாலிங்கம்.

"எதை?"

"கடையத்தான். அண்டாவ வாசல்ல நுழைக்கதுக்கு ஒருச்சாச்சுத் திருப்புவீங்கல்லா, அதுமாதிரி. முன்னும் பின்னுமா நிக்கதை நெடுவாக்குல திருப்புங்க."

யாருக்கும் புரியவில்லை. மாசானத்துக்குத்தான் முதலில் புரிந்தது, வாழ்நாள் முழுவதும் பெரிய சாமான்களைச் சின்ன வாசலில் நுழைத்தவன் அவன். "ஏ, இந்தப் பக்கம் வாங்கல!" என்று கத்தினான். இருபது பேர் விரல்களால் தள்ள, புறாக்கள் அலறிப் பறக்க, நாற்பத்திநாலு அடிக் கட்டடம் காற்றில் கால்வாசி திரும்பி, ரோட்டுக்கு நீளவாக்கில் நின்றது. இடதுபக்கம் ஒரு பாதி, வலதுபக்கம் ஒரு பாதி. இரண்டும் ரோட்டைப் பார்த்தன. முன்பாதி என்று ஒன்று இல்லை, பின்பாதி என்று ஒன்று இல்லை.

ஆவுடைநாயகம் வாயைத் திறந்தபடி நின்றார். இத்தனை வருடமும் அந்தக் கடையைக் கண்ணால் பார்த்தவர், அது வேறு மாதிரி நிற்க முடியும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"இது ஒனக்கு அன்னைக்கே தோணிச்சால?" என்றார்.

"எங்க தோணிச்சு? கோவம்லா இருந்துது. இப்பம் சுத்தி வரும்போதுதான், அதுவும் மூணாவது சுத்துலதான்," என்றார் குத்தாலிங்கம். "வலப்பக்கம் எனக்கு. எழுதிக்கோ."

சிவப்புக் கோட்டுக்கு அப்பால், களத்து மண்ணில், கடையை மெல்ல இறக்கினார்கள். அது தரையைத் தொட்டபோது ஐம்பதாயிரம் பேர், எங்கெங்கோ, நிமிர்ந்து நின்று முதுகை நெளித்தார்கள். சிலர் தங்கள் கை இவ்வளவு லேசா என்று தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். தையல்காரன் கோணல் வரியைப் பிரித்துவிட்டு நேராகத் தைத்தான்.

அதற்கப்புறம்தான் ஒரு விஷயம் தெரிந்தது. கடையைத் திருப்பியவர்கள் வாசலை யோசிக்கவில்லை. முன்னால் ரோட்டைப் பார்த்திருந்த பெரிய வாசல் இப்போது பக்கத்துத் தோட்டத்துச் சுற்றுச்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. குத்தாலிங்கத்தின் கதவு மறுபக்கத்து வேலிக்கற்றாழைக்குள் திறந்தது. ரோட்டுப் பக்கம் இருந்தது ஆளுக்கொரு ஜன்னல் மட்டும்தான், அதுவும் தலை உயரத்தில். நாளைக்குச் சுவரை உடைத்து வாசல் வைக்கலாம் என்றார் கொத்தனார். ஆனால் குத்தாலிங்கம் கொண்டுவந்த தேயிலையில் எல்லோருக்கும் டீ போட வேண்டும், டீ போடுகிற பெரிய பாத்திரம் உள்ளே இருந்தது, எது எங்கே என்று ஆவுடைநாயகத்துக்குத்தான் தெரியும், தன் பாதிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் குத்தாலிங்கத்துக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

மாசானம் ஒரு ஜன்னலுக்கடியில் குனிந்து, கையைக் கோத்துப் படி மாதிரி வைத்து, முதலில் ஆவுடைநாயகத்தை ஏற்றினான். மூச்சுவாங்கினான்.

"அண்ணாச்சி, ஒங்க ரெண்டு பேரு போட்டோவையும் போட்டு ஒரு பொத்தான் வைங்க. ஊரெல்லாம் சேந்து ஏத்தி விடட்டும், என்னால முடியாது."

"பொத்தானும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்," என்றார் குத்தாலிங்கம், வேட்டியை மடித்துக் கட்டி, அவன் தோளில் கையை ஊன்றி, காலைத் தூக்கி வைத்தபடி. "சொந்தக் கடைக்குள்ள போறேன். மொத்தமா தூக்குல."

மாசானம் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான்.